ஷட்டர் போட்ட டிவி பெட்டிக்கு ஒரு புது வேலை

சேலையூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"எங்கள் ஹாலில் ஒரு பழைய டிவி பெட்டி இருக்கிறது. நாலு கால், இரண்டு பக்கமும் தள்ளுகிற ஷட்டர், பூட்டு சாவி எல்லாம் உண்டு. 1986-ல் மாமனார் பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. படம் தெரிந்து பல வருஷம் ஆயிற்று. மாமனாரும் இப்போது இல்லை. பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாம் என்றால் மாமியாரின் முகம் வாடிப் போகிறது. 'அவர் கையால துடைச்சு வெச்ச பெட்டிம்மா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்' என்கிறார். என் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறை மூலையில் சுருண்டுவிடுகிறான். இவரோ, 'அந்தப் பெட்டியை வீடியோ கேம் பெட்டியா மாத்திடலாம். அந்தக் காலத்துல பொருட்காட்சியில காசு போட்டு ஆடுவோமே, அது மாதிரி' என்று கிளம்பியிருக்கிறார். இருக்கிற பைத்தியம் போதாதென்று இன்னொன்றா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

தாராளமாகச் செய்யுங்கள், சகோதரி. ஆனால் ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வாரம் காகிதமும் பென்சிலுமாக உட்காருங்கள். இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் அவசரத்தால்தான். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு நல்ல விஷயமும் ஒளிந்திருக்கிறது. அது அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ!

முடிகிற ஆட்டம், முடியாத ஆட்டம்

காசு போட்டு ஆடும் மெஷின்களை ஆர்கேட் என்பார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பெட்டி, நடுவில் திரை, கீழே ஒரு கைப்பிடி, நாலைந்து பட்டன். 1972-ல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'பாங்' என்ற பந்தடி ஆட்டத்தைக் கொண்டு வந்தது. 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டது. அதை அந்த ஊர் காபிக் கடைகளில் மேஜையாகவே செய்து போட்டிருந்தார்கள். 1980-ல் நாம்கோ கம்பெனியின் தோரு இவதானி 'பேக்-மேன்' ஆட்டத்தை உருவாக்கினார். சுடுகிற ஆட்டங்களாகவே இருந்ததால் அந்தக் கூடங்களில் ஆண்கள் கூட்டம்தான். பெண்களும் வந்து ஆட வேண்டும் என்று யோசித்துத்தான், வாயைத் திறந்து திறந்து புள்ளிகளைச் சாப்பிட்டுக்கொண்டு போகும் அந்த மஞ்சள் உருண்டையை அவர் படைத்தார். சாப்பாட்டை வைத்து நம்மை இழுக்கப் பார்த்திருக்கிறார், பாருங்களேன்!

இந்தப் பழைய ஆட்டங்களுக்கு ஒரு குணம் உண்டு. சீக்கிரம் முடிந்துவிடும். கடைக்காரருக்கு அடுத்த காசு விழ வேண்டுமே! மூன்று உயிர் கொடுப்பார்கள். பழக்கம் இல்லாதவருக்குச் சில நிமிஷங்களில் மூன்றும் போய், 'ஆட்டம் முடிந்தது' என்று எழுத்து வந்துவிடும். பின்னால் நிற்கிறவருக்கு இடம் விட வேண்டும்.

போனில் வரும் ஆட்டங்களில் பல இதற்கு நேர் மாறானவை. அவை முடிவதே இல்லை. நாளைக்கும் வா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வா, வந்தால் பரிசு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கதவே இல்லாத வீட்டுக்குள் விட்டுவிட்டு, 'ஏன்டா வெளியே வரலை' என்று கேட்கிறோம்.

உங்கள் பெட்டிக்குக் கதவு இருக்கிறது. அதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். திரை, பட்டன், கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கு அப்புறம்.

பெட்டியை வெட்டாதீர்கள்

முதல் முடிவு இது. முன்பக்கத்தை அறுத்துப் பட்டன் வைக்கலாம், காலை எடுத்துவிட்டு உயரமாக்கலாம் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மாமியாரின் மனசு ஒரு காரணம். நாளைக்கு வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கிவிட முடியும் என்பது இன்னொரு காரணம்.

உங்கள் பெட்டி ஆர்கேட் மாதிரி ஆள் உயரம் இல்லை. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து இரண்டடி, இரண்டேகால் அடிதான் இருக்கும். ஆகவே நின்று ஆடுவதை மறந்துவிடுங்கள். பாயிலோ மணையிலோ உட்கார்ந்து ஆட வேண்டும். கைப்பிடியையும் பட்டன்களையும் தனியாக ஒரு சின்னப் பலகைப் பெட்டியில் வைத்து, ஒயர் மூலம் பெட்டியோடு சேர்த்துவிடலாம். ஆட்டம் முடிந்ததும் அதைக் கால்களுக்கு நடுவே தள்ளி வைத்துவிடலாம். டிவி பெட்டியில் ஒரு புது ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை. இதை மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

உள்ளே கை வைக்க வேண்டாம்

இது கட்டாயம். பழைய டிவியின் பின்மூடியை நீங்களோ வீட்டுக்காரரோ கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கி நாளானாலும் பிக்சர் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஓடும்போது கலர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். அதோடு டியூபுக்குள் காற்றே கிடையாது. எங்காவது பலமாக இடித்தால் கண்ணாடி வெடித்துச் சிதறலாம். பழைய டிவி மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் டயனோரா, சாலிடேர் காலத்திலிருந்து தொழில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கக்கூடும். டியூபையும் போர்டையும் எடுத்துத் தரச் சொல்லிக் கூலி கொடுத்துவிடுங்கள்.

கழற்றிய டியூபைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஒயர்களைத் திறந்த வெளியில் எரித்துச் செம்பு எடுத்தால் நச்சுப் புகை நம் தெருவுக்கே வரும். மின்னணுக் கழிவுக்கென்று 2022-ல் புது விதிகள் வந்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேருங்கள்.

டியூப் போன பிறகு முன்பக்கம் நாலு மூலையிலும் அதைப் பிடித்திருந்த திருகு ஓட்டைகள் மிஞ்சும். அவற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். நமக்கு வேலை இருக்கிறது.

பெட்டியின் உடம்பைப் பாருங்கள்

காலியான பெட்டியை ஒரு நாள் நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். விரல் முட்டியால் எல்லாப் பக்கமும் தட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி கேட்டால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் வேலை செய்திருக்கிறது. அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு. கால்கள் ஆடுகின்றனவா, ஷட்டர் தடங்கலில்லாமல் ஓடுகிறதா, பூட்டுக்குச் சாவி இருக்கிறதா பாருங்கள். ஷட்டர் ஓடும் பள்ளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும்.

நம் பக்கத்தில் ஒரு சங்கதியை மறக்கவே முடியாது. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் அடையாற்று வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடியும் நினைவுபடுத்திவிட்டுப் போனது. அந்தத் தண்ணீரில் நின்ற பெட்டி வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அடிப்பலகை உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாகப் பலகை வாங்கினால் மரத்தூளை அழுத்திச் செய்த போர்டு வேண்டாம். ஈரம் பட்டால் ரொட்டி மாதிரி ஊறிவிடும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 முத்திரையோடு பி.டபிள்யூ.ஆர். ரகம் கேளுங்கள். தண்ணீர் வரும் இடமானால் ஐ.எஸ். 710, அதாவது மெரைன் பிளைவுட். முத்திரையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

சேலையூரில் இருப்பவருக்கு மாமனார் விட்டுப்போன பெட்டி இருக்கிறது. இல்லாத வாசகியர் ஏங்க வேண்டாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு நடை நடந்து பாருங்கள். பழைய மர சாமானும் பழைய மின் சாமானும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் போனால் நிதானமாகத் தட்டிப் பார்த்து வாங்கலாம்.

திரை எவ்வளவு பெரியது?

டிவியின் அளவை மூலைக்கு மூலை சொல்வார்கள். பழைய டிவி அகலத்துக்கு 4 என்றால் உயரத்துக்கு 3. படம் தெரியும் அளவு 20 அங்குலம் என்றால் அகலம் 16, உயரம் 12. இப்போது வரும் கம்ப்யூட்டர் திரைகள் அகலமாகவும் குள்ளமாகவும் இருக்கின்றன. ஏறக்குறைய 16 அங்குல அகலம் உள்ள 18.5 அங்குலத் திரையை வைத்தால் உயரம் 9 அங்குலம்தான் வரும். மேலும் கீழும் காலியாக நிற்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆபீஸ்களில் முன்பு வைத்திருந்த, சதுரம் மாதிரி இருக்கும் 19 அங்குலத் தட்டை மானிட்டரைத் தேடுங்கள். அதில் படம் ஏறக்குறைய 14.8 அங்குல அகலம், 11.8 அங்குல உயரம். அந்தப் பழைய வாய்க்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். செகண்ட் ஹாண்டில் கிடைக்கும். அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெருவில் விசாரியுங்கள். தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் கிண்டி வரை போய், அங்கே மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் படம் ஒன்று, கறுப்புப் படம் ஒன்று. திரையில் புள்ளியோ கோடோ இருந்தால் இந்த இரண்டில் தெரிந்துவிடும்.

இத்தகைய மானிட்டர் பலவற்றின் முதுகில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் நாலு திருகு ஓட்டை இருக்கும். ஒரு பிளைவுட் சட்டத்தில் மானிட்டரைத் திருகி, அந்தச் சட்டத்தைப் பழைய டியூபின் நாலு ஓட்டைகளில் மாட்டச் சொல்லுங்கள். சுற்றி மிஞ்சும் இடைவெளிக்குக் கறுப்புச் சார்ட் அட்டை போதும்.

மூளை எங்கே?

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பரணில் பழைய கம்ப்யூட்டரோ, திரை உடைந்த லேப்டாப்போ கிடந்தால் முதலில் அதைத் தூசி தட்டி இறக்குங்கள். இந்தப் பழைய ஆட்டங்களுக்கு அதுவே தாராளம்.

அது இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளட்டும் என்று இங்கிலாந்தில் 2012-ல் விற்பனைக்கு வந்த குட்டி கம்ப்யூட்டர். 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கேற்ற பவர் சப்ளை, மெமரி கார்டு, பழைய மானிட்டரோடு இணைக்க எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர், சத்தத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் ஆகியவற்றையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த உதிரிகளை மறந்துவிட்டு மெயின் சாமானுக்கு மட்டும் பணம் எடுத்து வைக்கிற வீடுகளில்தான் வேலை பாதியில் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. அணைக்கும்போது சட்டென்று பிளக்கைப் பிடுங்கக் கூடாது. மிக்ஸி ஓடும்போது ஜாரைத் தூக்குவது மாதிரி அது. மெமரி கார்டு கெட்டுப்போகும். முறையாக நிறுத்திவிட்டுத்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். பிள்ளைக்கு இதை முதல் நாளே பழக்குங்கள்.

பட்டன் வாங்காமல் காஜா எடுப்போமா?

கைப்பலகைதான் பிள்ளையின் கை தினமும் படுகிற இடம். நிதானம் வேண்டியது இங்கேதான்.

பட்டன்கள் ஒரே அளவில் வருவதில்லை. சிலவற்றுக்கு 28 மில்லிமீட்டர் ஓட்டை, சிலவற்றுக்கு 30, சின்னதுக்கு 24. அழுத்தி மாட்டும் ரகம் மெல்லிய தகட்டில்தான் நிற்கும். மரப் பலகைக்கு மரையும் நட்டும் உள்ள ரகம் வாங்க வேண்டும். ஆகவே முதலில் பட்டன், பிறகு ஓட்டை. பட்டனைக் கையில் கொடுத்துத்தான் ஆசாரியை அளவெடுக்கச் சொல்ல வேண்டும்.

ஒருவர் ஆட ஒரு கைப்பிடி, மூன்று பட்டன், தொடங்குவதற்கும் காசு போட்டதாகக் காட்டுவதற்கும் இரண்டு சின்னப் பட்டன் போதும். கடைக்காரர் எட்டு பட்டன் செட் காட்டுவார். அது சண்டை ஆட்டங்களுக்கு. நமக்கு வேண்டாம். பேக்-மேன் மாதிரி ஆட்டங்களுக்குக் கைப்பிடி நாலு திசையில் மட்டும் போனால்தான் திருப்பம் தவறாது. எட்டுத் திசைக் கைப்பிடியானால் அடியில் உள்ள தகட்டை நாலு திசைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லா ஒயரும் போய்ச் சேர ஒரு என்கோடர் போர்டு உண்டு. அதிலிருந்து யு.எஸ்.பி. ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒயர் ஆறடியாவது இருக்கட்டும்.

இரண்டு பேர் ஆடுகிற பலகையாகவே செய்யுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். தனியாக ஆடுவதற்கு அவனிடம் போன் இருக்கிறது. நமக்கு வேண்டியது பக்கத்தில் ஒருவர் உட்காருவது. இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே ஒன்றரை அடி இருந்தால் முழங்கை இடிக்காது. மொத்த நீளம் 30 அங்குலம், அகலம் 10 அங்குலம், உள் உயரம் 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, டிவி பெட்டியின் கால்களுக்கு நடுவே நுழைகிறதா என்று பாருங்கள். முன்விளிம்பை உப்புத்தாளால் மழுங்கத் தேய்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு அங்கேதான் படியும்.

முதலில் பேப்பர் கட்டிங்

ரவிக்கைத் துணியில் நேராகக் கத்தரி வைப்போமா? பேப்பரில் வெட்டிப் பார்ப்போம் அல்லவா? அதே போல ஒரு அட்டைப் பெட்டியை 30-க்கு 10 அளவில் வெட்டி ஒட்டுங்கள். பட்டன் வரும் இடத்தில் பாட்டில் மூடிகளை ஒட்டுங்கள். பிள்ளை, அப்பா, பாட்டி மூவரும் பாயில் உட்கார்ந்து கை வைத்துப் பார்க்கட்டும். தோள் தூக்காமல், முழங்கை உடம்பை ஒட்டியபடி கை எட்ட வேண்டும். அடுப்பு மேடை உயரத்துக்கு நாம் பார்க்கும் கணக்குதான் இது. மடியில் சாய்ந்தால் அடியில் இரண்டு குட்டிக் கால் வைக்கலாம். பாட்டிக்குக் கீழே உட்கார முடியாதென்றால், நாற்காலியில் அமர்ந்து முக்காலிமேல் பலகையை வைத்துப் பாருங்கள். இந்த ஒத்திகைக்குக் காலணா செலவில்லை. மூன்று நாள் அட்டையோடு பழகிய பிறகு அளவு மாறாது.

எந்த ஆட்டம்?

ஊரில் யாரோ ஒருவர் 'பத்தாயிரம் ஆட்டம் போட்ட கார்டு' என்று நீட்டுவார். வாங்காதீர்கள். பழைய ஆட்டமானாலும் உரிமை உடையவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரல்களுக்கும் பொருந்தும். பல கம்பெனிகள் தங்கள் பழைய ஆட்டங்களைத் தொகுப்பாக விற்கின்றன. பழைய கம்ப்யூட்டரை மூளையாக வைத்தவர்களுக்கு இது சுலபம். ராஸ்பெர்ரி பை வைத்தவர்கள், 1997-ல் முதலில் வெளிவந்த 'மேம்' என்ற நிரலைப் பயன்படுத்தலாம். உரிமையாளர்களே இலவசமாக ஆட அனுமதித்த சில ஆட்டங்களை அதை நடத்துகிறவர்கள் தருகிறார்கள்.

சட்டத்தை விடுங்கள், பத்தாயிரம் ஆட்டம் இருந்தால் எதிலும் மனசு நிற்காது. அது இன்னொரு போன். ஐந்து ஆட்டம் போதும். பிள்ளைக்குக் கொஞ்சம் ஆர்வம் இருந்தால் 'ஸ்க்ராட்ச்' என்ற எளிய முறையில் அவனே ஒரு ஆட்டம் எழுதலாம். பிள்ளைகளுக்காகவே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது அது. பாட்டி விதி சொல்ல, பேரன் ஆடு புலி ஆட்டத்தைத் திரையில் கொண்டுவரட்டுமே!

கரண்ட்டும் பூச்சியும்

பழைய டிவியின் இரண்டு முள் பிளக்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள். எர்த் உள்ள மூன்று முள் பாயிண்ட் வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கே நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் பெட்டிக்குள் உயரத்தில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் கம்ப்யூட்டரையும் கைப்பலகையையும் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போகிற மாதிரி இருக்கட்டும். தனித்தனியாகச் செய்வதில் இந்த லாபமும் உண்டு.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். மானிட்டரும் ராஸ்பெர்ரி பையும் சேர்ந்து சுமார் 30 வாட். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்டுக்குள்தான். பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டர் இதைவிடக் கூடுதலாக இழுக்கும்.

பின்மூடியில் உள்ள காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். உள்பக்கமாகக் கொசுவலை ஒட்டினால் பல்லியும் கரப்பும் வராது. சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். அந்துருண்டை போட வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும். குட்டிப் பிள்ளைகள் வாயில் போட்டால் ஆபத்து.

கண்ணும் நேரமும்

திரையிலிருந்து மூன்றடியாவது தள்ளி உட்கார வேண்டும். ஹால் விளக்கு எரிய வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இருபது அடி தூரத்தில் உள்ள ஏதாவதொன்றை இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பகல் வெளிச்சத்தில் ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று கண் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே முதலில் தெருவில் கிரிக்கெட், அப்புறம்தான் பெட்டி. ஐந்து வயதுக்குட்பட்ட தங்கை தம்பி இருந்தால் கவனம். இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதற்கும் சிறியவர்களுக்குத் திரையே வேண்டாம்.

வலிப்பு வந்த பிள்ளை உள்ள வீட்டில் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். பளிச் பளிச்சென்று மின்னும் படம் சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். 1997 டிசம்பரில் ஜப்பானில் டிவியில் ஒரு பொம்மைப் படம் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது.

சாவி யாரிடம்?

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த டிவி பலவற்றில் ஷட்டரும் பூட்டும் இருந்தது எதற்கு? தூசிக்காக மட்டுமா? பரீட்சை வந்தால் பூட்டுவதற்கும்தான். படம் முடிந்தது, ஷட்டர் மூடியது, எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனோம். யாரும் யாரையும் திட்டவில்லை. மூடியதைப் பெட்டி செய்தது.

அதே முறையை வையுங்கள். சாவி உங்களிடம் வேண்டாம், வீட்டுக்காரரிடம் நிச்சயம் வேண்டாம். மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். தினம் பேரனுக்கு ஆறு சோழி எண்ணிக் கொடுக்கட்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு சோழி கிண்ணத்தில் விழ வேண்டும். அப்பா ஆடினாலும் அதே கணக்கு. சோழி தீர்ந்தால் ஷட்டர். மிச்சம் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஆடலாம். 'போதும் நிறுத்துடா' என்று தொண்டை கிழியக் கத்துகிற வேலை உங்களுக்கு மிச்சம்.

மாமியாருக்கும் இது வெறும் காவல் வேலை இல்லை. அவர் துடைத்து வைத்த பெட்டியை அந்த அம்மாள் இத்தனை நாள் மூடியே பார்த்துக்கொண்டிருந்தார். இனி தினமும் மாலையில் ஒரு முறை அவரே திறப்பார்.

இதனால் போன் அடியோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் மூலையில் சுருண்ட பிள்ளை ஒரு மணி நேரம் ஹாலுக்கு வருவான். ஜெயித்தால் கத்துவான், தோற்றால் அப்பாவோடு சண்டை போடுவான். அந்தச் சத்தம் வீட்டுக்கு வேண்டியதுதானே?

ஆசாரி வருவதற்கு முன் இந்த வரிசையில் செய்யுங்கள்: மாமியாரின் சம்மதம், மெக்கானிக், பெட்டிப் பரிசோதனை, அட்டை ஒத்திகை, மானிட்டர், பட்டன். எல்லாம் கையில் வந்த பிறகே உளி. சாமான்களை ஒரே மாதத்தில் வாங்காமல் மூன்று மாதத்துக்குப் பிரித்துக்கொண்டால் குடும்பச் செலவில் இடிக்காது. முதல் மாதம் அட்டையும் பாட்டில் மூடியும்தான். அதற்குள் வீட்டுக்காரருக்கு இந்த ஆசை நிஜமா, ஞாயிற்றுக்கிழமை ஆசையா என்பதும் தெரிந்துவிடும்!